புண் கட்டும் கைகளுக்கு

அன்புள்ள அக்காமார்களுக்கும் தங்கைகளுக்கும்,

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், தஞ்சோங் காராங் என்று கோலசிலாங்கூர் மாவட்டத்திலும், வடக்கே சபாக் பெர்ணம், கிழக்கே உலு சிலாங்கூர் வரையிலும், வீட்டில் யாரோ ஒருவருடைய காலைத் தினம் கழுவித் துடைத்துக் கட்டுப் போடுகிறவர்களுக்கு இந்த மடல். அது உங்கள் மாமனாரின் காலாக இருக்கலாம், அம்மாவின் காலாக இருக்கலாம், இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற கணவரின் காலாகவும் இருக்கலாம். இனிப்பு நீர் வந்து பல ஆண்டுகள் ஆன கால். பெருவிரலுக்கு அடியிலோ குதிகாலிலோ ஒரு புண். ஆறி வருகிறது என்று நினைக்கும்போது மறுபடியும் வாய் திறக்கும் புண். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் வந்து எத்தனையோ வருடம் ஆகியும், இந்த வேலை மட்டும் உங்கள் கையை விட்டுப் போகவில்லை.

நான் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அதனால்தான் என்னைப் பார்க்கும்போதெல்லாம் உங்களில் பலர் அந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள்: "வெளிச்சம் பட்டா கிருமியைக் கொல்லுற ஜெல் வந்திருக்காமே, நமக்கு எப்போ கிடைக்கும்?" போகிற போக்கில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. கேட்கும்போது உங்கள் முகத்தில் தெரிகிற நம்பிக்கையில் பாதிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மீதிப் பாதி வெறும் காத்திருப்பு, காலையே கொண்டுபோய்விடக்கூடிய காத்திருப்பு. அந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த ஜெல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஜெல்லில் பெரும்பங்கு தண்ணீர்தான். புண்ணைக் காயவிடக் கூடாது, ஈரப்பதமாக வைத்திருந்தால் தோல் வேகமாக மூடும் என்பதை 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலில் செய்து காட்டினார். இன்று மருத்துவமனையில் புண்ணின் மேல் வைக்கிற ஜெல்களும் நுரைத்துண்டுகளும் அந்த வழியில் வந்தவை. புதிய ஜெல்லில் கூடுதலாக ஒரு சாயம் கலந்திருக்கும். மெத்திலீன் நீலமாக இருக்கலாம். ரோஸ் பெங்கால் என்ற சிவப்புச் சாயமாக இருக்கலாம். பி2 வைட்டமினாகவோ மஞ்சளில் இருக்கும் குர்குமினாகவோகூட இருக்கலாம். இருட்டில் அது பெரும்பாலும் சும்மா கிடக்கும். அதற்கு உகந்த நிறத்தில் ஒளியைக் காட்டினால் விழித்துக்கொள்ளும். மெத்திலீன் நீலத்துக்குச் சிவப்பு ஒளி வேண்டும், குர்குமினுக்கு நீல ஒளி.

ஒளியை வாங்கிய சாயம் அந்த ஆற்றலைப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனிடம் கொடுத்துவிடுகிறது. ஆற்றல் ஏறிய அந்த ஆக்சிஜன் தொட்டதையெல்லாம் சிதைக்கும்: கிருமியின் மேலுறை, அதன் புரதங்கள், மரபணு எதையும் விடாது. தண்ணீரில் அதன் ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சில பங்குதான். அதற்குள் அது ஒரு மைக்ரான் தூரம்கூடப் போவதில்லை. ஆகவே சாயம் எந்தக் கிருமியில் ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் சேதம் அதிகம். வேறொரு வகை ஜெல்லும் உண்டு. தங்கத்தின் நுண்துகள் போன்றவற்றைக் கலந்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் அந்தத் துகள்கள் சூடேறிக் கிருமியை வாட்டும். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கிற முயற்சிகளும் நடக்கின்றன.

இதில் மருத்துவர்களுக்கு ஏன் இத்தனை ஆர்வம் என்றால், ஆன்டிபயாட்டிக் மருந்து பெரும்பாலும் கிருமியின் ஏதாவது ஓர் இடத்தைக் குறிபார்த்து அடிக்கிறது. கிருமி அந்த ஓர் இடத்தை மாற்றிக்கொண்டால் மருந்து தோற்றுப்போகும். ஒளி எழுப்பிய ஆக்சிஜனோ ஒரே நேரத்தில் பல இடங்களைத் தாக்குவதால் கிருமி அதற்கு எளிதில் பழகிக்கொள்வதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளும் இதற்குச் சாகின்றன.

உங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குத் தோட்டத்து டிரஸ்ஸரின் மஞ்சள் மருந்து நினைவிருக்கும். மலாய்க்காரர்கள் உபாட் கூனிங் என்பார்கள். முழங்கால் சிராய்த்தாலும் சரி, செம்பனை முள் கிழித்தாலும் சரி, பஞ்சில் தொட்டுத் தடவுவார். சட்டையில் பட்டால் கறை போகாது. அந்த மருந்தின் பெயர் அக்ரிஃப்ளேவின். ஜெர்மனியின் பால் எர்லிக் 1912இல் உருவாக்கியது. முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பூசப்பட்டது. அது அக்ரிடின் என்ற சாயக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒளி மருத்துவத்தின் கதை தொடங்கியதே அந்தக் குடும்பத்தில்தான். மூனிக் நகரில் ஹெர்மன் ஃபான் டப்பெய்னர் என்ற பேராசிரியரிடம் ஆஸ்கார் ராப் என்றொரு மாணவர் இருந்தார். பரமீசியம் என்ற ஓரணு உயிரியை அக்ரிடின் எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். சாயத்தின் அளவு மாறவில்லை. ஆனால் ஒரு தடவை சீக்கிரம் செத்தன, இன்னொரு தடவை நெடுநேரம் உயிரோடு இருந்தன. காரணத்தைத் தேடிப் பார்த்தால், வித்தியாசம் அறைக்குள் விழுந்த வெளிச்சத்தில் இருந்தது. 1900இல் அதை அவர் வெளியிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிறகு பெனிசிலின் வந்தது. ஊசி போட்டால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும்போது விளக்கையும் சாயத்தையும் யார் தேடுவார்கள்? அந்த வழி ஏறத்தாழ மறந்தே போனது. இப்போது மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்கத் தொடங்கியதால்தான் மறுபடியும் தூசி தட்டி எடுக்கிறார்கள்.

மருந்து தோற்பது எங்கோ மேல்நாட்டில் நடக்கிற கதை என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர்களிலிருந்து கொஞ்ச தூரத்தில், சுங்கை பூலோவில் 1930இல் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. நம் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் அங்கே கொண்டுபோய் விடப்பட்டார்கள்; பலர் திரும்பவே இல்லை. உங்கள் குடும்பத்திலும் பெயர் சொல்லாமல் விட்ட ஒரு பெரியப்பாவோ அத்தையோ இருந்திருக்கக்கூடும். தொழுநோய்க்கு டாப்சோன் என்ற மாத்திரை வந்தபோது எல்லாரும் அதுவே முடிவான மருந்து என்று நம்பினார்கள். அதே சுங்கை பூலோவின் நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமியை எலியின் பாதத்தில் வளர்த்துப் பார்த்து, டாப்சோனுக்கு அது அடங்கவில்லை என்று பெட்டிட், ரீஸ் என்ற இரு மருத்துவர்கள் 1964இல் உறுதி செய்தார்கள். தொழுநோய்க் கிருமி மருந்தை எதிர்த்து நிற்கும் என்பது உலகத்துக்கு நிரூபணமானது அங்கேதான். பின்னாளில் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னதற்குப் பின்னால் அந்தச் சான்றும் இருக்கிறது. சிலாங்கூர் மண்ணில் அடைபட்டுக் கிடந்த மனிதர்களின் உடம்பிலிருந்து உலக மருத்துவம் கற்ற பாடம் இது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

சரி, மனிதர்களின் புண்ணில் ஒளி பலித்திருக்கிறதா?

ஓரளவு பலித்திருக்கிறது. பிரிட்டனில் 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நாள்பட்ட கால்புண் உள்ள 16 பேரையும் நீரிழிவுப் பாதப்புண் உள்ள 16 பேரையும் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு மெத்திலீன் நீலத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு சாயத்தைப் பூசிச் சிவப்பு ஒளி காட்டினார்கள். மீதிப் பேருக்குச் சாயமில்லாத பூச்சும் அதே ஒளியும். சாயம் பூசியவர்களின் புண்ணில் கிருமி உடனே குறைந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது கால்புண்காரர்களில் சாயம் பூசிய 8 பேரில் 4 பேருக்குப் புண் முழுதும் ஆறியிருந்தது. மற்ற 8 பேரில் ஒருவருக்குத்தான் ஆறியிருந்தது. பிரேசிலில் ஜோவோ பவுலோ தர்திவோ என்ற மருத்துவரின் குழு 2014இல் வெளியிட்டது இதைவிடப் பெரிதாகப் பேசப்பட்டது. எலும்புவரை சீழ் பிடித்த நீரிழிவுப் பாதங்களுக்குச் சாயமும் ஒளியும் கொடுத்த 18 பேரில் ஒருவருக்குத்தான் வெட்டி எடுக்க வேண்டி வந்தது. அது கிடைக்காத 16 பேருக்கும் வெட்டி எடுக்க வேண்டி வந்தது. இந்தக் கணக்கைப் படித்த அன்று எனக்கு நெஞ்சு படபடத்தது. ஆனால் அது சின்ன ஆய்வு. சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல ஆட்களைச் சமமாகப் பிரித்துச் செய்த ஆய்வும் அல்ல. கனடாவின் வான்கூவர் மருத்துவமனையில், அறுவைக்கு முன்னால் நோயாளியின் மூக்கில் மெத்திலீன் நீலம் தடவிச் சிவப்பு ஒளி காட்டிக் கிருமியைக் குறைக்கிறார்கள். இது பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது.

கவனித்தீர்களா, இவையெல்லாம் சாயமும் விளக்கும். நீங்கள் கேள்விப்பட்ட ஜெல், அதாவது சாயத்தையும் ஈரத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்திருந்து ஒளிக்காகக் காத்திருக்கும் ஜெல், பெரும்பாலும் இன்னும் எலிகளின் முதுகில்தான் சோதிக்கப்படுகிறது. இந்தியாவில் இந்தூரில் இருக்கும் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தின் ஆராய்ச்சியாளர்களும், கிருமி புகுந்த காயங்களை எலிகளில் உண்டாக்கி இந்த ஒளிச் சிகிச்சையைப் பார்த்திருக்கிறார்கள். எலியின் புண் பெரும்பாலும் தோல் சுருங்கியே மூடிக்கொள்ளும். நம் புண்ணோ அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும். அதிலும் ஆய்வகத்து எலியின் புண் நேற்று உண்டாக்கியது. நம் வீட்டுப் புண்ணுக்கு ஒன்றரை வயது. இந்த வித்தியாசம் சின்ன வித்தியாசமில்லை.

ஒளிக்கு வேறு எல்லைகளும் உண்டு. சிவப்பு ஒளி சதைக்குள் சில மில்லிமீட்டர்தான் போகும், நீல ஒளி அதைவிடக் குறைவு. சீழும் இரத்தமும் கருகிய தோலும் மேலே கிடந்தால் அதுகூடப் போகாது. ஆகவே செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்கிற வேலை எந்த ஜெல் வந்தாலும் இருக்கும். அடுத்து, ஒளி எழுப்பும் அந்தத் தாக்குதலுக்கு ஆக்சிஜன் வேண்டும். இரத்தம் சரியாக ஓடாத பாதத்தில் ஆக்சிஜன் குறைவு. எந்தக் காலுக்கு மிகவும் தேவையோ அந்தக் காலில் அதன் பலம் குறையும். கருத்த தோல் ஒளியை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆழத்தில் பரவிய நோய்க்கு ஊசியும் மாத்திரையும் அறுவையும் இல்லாமல் முடியாது.

இதைப் படித்துவிட்டு வீட்டில் மஞ்சளைக் குழைத்துப் பூசி வெயிலில் காலை நீட்டி உட்கார வைத்துவிடாதீர்கள். மஞ்சளைக் குறைத்துப் பேசவில்லை. காயத்தை ஆற்றும் மஞ்சளின் குணத்துக்கு மிசிசிப்பி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1995இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியபோது, இந்தியாவின் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் நம் பழைய நூல்களைக் காட்டி வழக்காடி 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. ஆனால் சமையல் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது, அதுவும் தண்ணீரில் கரைவது அரிது. டப்பாவில் இருக்கும் தூள் கிருமி நீக்கியதும் இல்லை. மீன்தொட்டிக்கு விற்கிற மெத்திலீன் நீலமும் அப்படித்தான். புண்ணுக்கு அதை ஊற்றாதீர்கள்.

இனி, நான் எழுத வந்த விஷயம். உங்கள் வீட்டுக் கால் ஏன் ஆறவில்லை என்று கேட்டால், கிருமி என்பீர்கள். கிருமி பிறகு வந்தது. முதலில் போனது உணர்ச்சி.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வந்து சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று அன்று எல்லாரும் நம்பினார்கள். அவர் கூடவே இருந்து பார்த்தார். சதை தானாக அழுகவில்லை. வலி தெரியாததால் சூட்டையும் ஆணியையும் கல்லையும் அவர்களுடைய கையும் காலும் தெரியாமலே வாங்கிக்கொண்டிருந்தன. அதே புண்மேல் நடந்தார்கள், அதே புண்ணோடு வேலை செய்தார்கள். நீரிழிவுப் பாதத்துக்கும் கதை இதுவேதான். அதே இடத்தில் அழுத்தம் விழாமல் செய்தால் புண் ஆறும். பாதத்தோடு ஒட்டியமைகிற மாவுக்கட்டைத் தொடக்கத்தில் போட்டுப் பார்த்தவர்களில் இலங்கையின் மில்ராய் பாலும் ஒருவர், அது 1930களில். பிராண்ட் அதைத் தொழுநோயாளிகளுக்குச் செய்து, பிறகு நீரிழிவுக்காரர்களுக்கும் கொண்டுபோனார். இன்றும் நீரிழிவுப் பாதப்புண்ணுக்கு அழுத்தத்தை இறக்கும் வழிகளில் அதுவே முன்னணியில் நிற்கிறது. மரத்துப்போன பாதத்துக்காக நுண்துளை ரப்பரில் செய்கிற செருப்பும் தமிழ்நாட்டில் தொழுநோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்துப் பெருகியதுதான். நம் பாட்டிமார்கள் இருட்டோடு எழுந்து சீவிய ரப்பர்ப் பால், மரத்துப்போன கால்களின் கீழே மெத்தையாக வந்து நிற்கிறது. இந்தச் செய்தி எனக்கு எப்போதுமே பிடிக்கும்.

எந்த ஜெல்லும் உணர்ச்சியைத் திருப்பித் தராது. அடைபட்ட இரத்தக் குழாயைத் திறக்காது. புண்மேல் நடக்கிற மனிதரை உட்கார வைக்காது. கிருமியைக் கொன்றுவிட்டு, மறுநாளும் அதே காலால் படியிறங்கி நடந்தால் அதே இடம் மறுபடி கிழியும்.

2019இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியாவின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது மற்ற எல்லாரையும்விட அதிகம். முப்பது விழுக்காட்டைத் தாண்டியது. இந்தக் கணக்குக்கும் நம் தட்டில் விழும் சோற்றுக்கும், கடையில் குடிக்கிற தே தாரிக்கும் உள்ள சம்பந்தத்தை நீங்களே அறிவீர்கள். அதைப் பற்றி உங்களுக்குப் புத்தி சொல்லும் ஆட்கள் ஏற்கெனவே அதிகம், நான் சேரவில்லை. நான் கேட்பது பாதத்தைப் பற்றி. ராத்திரி படுக்கப் போகும் முன்பு பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவருக்கு நீங்கள் பாருங்கள். செருப்பைப் போடும் முன்பு கவிழ்த்துத் தட்டுங்கள். வெந்நீரில் கால் வைக்கும் முன்பு சூட்டை உங்கள் முழங்கையால் பாருங்கள், அவர் காலால் பார்க்கவிடாதீர்கள். அரசாங்க கிளினிக்கில் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். பார்க்கவில்லையென்றால் பார்க்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை.

தைப்பூசத்தைப் பற்றியும் தீமிதியைப் பற்றியும் சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். நேர்த்திக்கடன் என்னவென்று அறிந்தவள்தான் நானும். ஆனால் மரத்த பாதத்தோடு கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலாகப் பத்துமலைக்கு நடந்து, வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளத்தைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரின் காலுக்காக முருகனிடம் வேண்டிக்கொண்டு அவருடைய காவடியை மகன் தூக்கலாம். உணர்ச்சியில்லாத காலுக்குத் தீமிதியிலும் விலக்கு உண்டு என்று கோயில் நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர்கள் முன்கூட்டியே சொன்னால், மனசு புண்படாமல் கேட்பார்கள்.

இன்னொன்று, நம் மண்ணைப் பற்றி. தென்னமரம் தோட்டத்தில் 1917இல் நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை நட்ட மாவட்டம் நம்முடையது. செம்பனை மட்டையின் அடிமுள் எப்படிக் குத்தும், எப்படி உள்ளே ஒடிந்து நிற்கும் என்று உதிரிப் பழம் பொறுக்கியவர்களுக்குத் தெரியும். தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் பக்கம் வயல் சேறு. இந்த ஈர மண்ணிலும் தண்ணீரிலும் மெலியோடோசிஸ் என்ற நோயின் கிருமி வாழும். அதை ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் 1911 வாக்கில் முதலில் கண்டறிந்தார்கள். அந்த நோய்க்குப் பெயர் வைத்து விரிவாக எழுதியவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஸ்டான்டனும் ஃபிளெச்சரும். கிருமி சின்னக் கீறல் வழியாகக்கூட உள்ளே போகும். யாரை அதிகம் பிடிக்கும் என்றால், நீரிழிவுக்காரரை. உள்ளே போய்விட்டால் நுரையீரல், ஈரல், இரத்தம் எங்கும் பரவும். வழக்கமான பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காது. பல நாள் ஊசியும் பிறகு பல மாதம் மாத்திரையும் வேண்டும். மழைக்காலத்தில் சேற்றுவேலை செய்த நீரிழிவுக்காரருக்குப் புண்ணோடு காய்ச்சலும் வந்தால், "சேத்துல வேலை செஞ்சாரு டாக்டர்" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் வராதீர்கள். பூட்ஸ் இல்லாமல் வேலைக்கு அனுப்பாதீர்கள்.

புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவினால், நாற்றம் வந்தால், விரல் கறுத்தால், உள்ளே எலும்பு தெரிந்தால், குளிர்க்காய்ச்சல் வந்தால், காரணமில்லாமல் சர்க்கரை ஏறினால், அன்றைக்கே போக வேண்டும். நாளைக் காலைவரைகூடத் தள்ளக் கூடாது. தஞ்சோங் காராங், கோல குபு பாரு, சபாக் பெர்ணம், சுங்கை பூலோ எது பக்கமோ அந்த மருத்துவமனைக்கு. அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். ஆனால் போக வர வண்டிக்காசும் ஒருநாள் சம்பளமும் அதைவிடப் பல மடங்கு என்பது எனக்குத் தெரியும். புண் உள்ள வீடுகளைத் தாமான் தாமானாகக் கணக்கெடுத்து, வாரத்துக்கு ஒரு நாள் ஒரே வேனில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போக இளைஞர் மன்றங்களும் கோயில்களும் முன்வரலாம். அன்னதானத்துக்குக் காசு சேர்க்கிற ஊர் இதற்கும் சேர்க்கும். இன்றைக்கும் தோட்டத்து லயங்களில் இருக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களுக்குக் கட்டணமே நம்மைவிடப் பல மடங்கு. நம் தாத்தாக்கள் இருந்த நிலையில் இன்று அவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வேனில் இடம் வையுங்கள்.

ஜெல்லைப் பற்றிய உங்கள் கேள்விக்குத் திரும்புகிறேன். அது எப்போது வரும் என்பதைவிட எங்கே வரும் என்பதுதான் எனக்குக் கவலை. மெத்திலீன் நீலம் 1876இல் பிறந்த சாயம். விலை குறைவு, மருத்துவர்களுக்கு நெடுநாள் பழக்கமானது. சிவப்பு எல்இடி விளக்குக்குப் பெரிய மின்சாரம் தேவையில்லை. இரண்டையும் கையாளப் பெரிய அறுவை அரங்கம் வேண்டாம். பயிற்சி பெற்ற ஒரு தாதி போதும். ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் டிரஸ்ஸர் இருந்தார்; 1965இல் அவர்களைப் பதிவு செய்யச் சட்டமே போட்டார்கள். அப்படிப்பட்ட சின்ன மருந்தறைதான் இந்தச் சிகிச்சைக்கு இயல்பான இடம் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் புதுச் சிகிச்சை எப்போதும் தலைநகரின் தனியார் மருத்துவமனையில் பளபளப்பான அறையில்தான் முதலில் வந்து உட்காரும். நாம் கேட்காவிட்டால் அங்கேயே இருந்துவிடும்.

ஆகவே கேட்போம். நம் நாட்டில் இதற்கு மனிதர்களிடம் சோதனை நடத்த யாராவது வந்தால் நெறிமுறைக் குழு ஒன்று அனுமதி தர வேண்டும். அந்தச் சோதனையில் தஞ்சோங் காராங்கும் கோலசிலாங்கூரும் இருக்க வேண்டும் என்று இப்போதே நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் சொல்லி வைப்போம். நீரிழிவு அதிகமுள்ள, கருத்த தோலுள்ள, மண்ணில் வேலை செய்த கால்களில் சோதிக்காமல் அது நமக்குப் பலிக்குமா என்று எப்படித் தெரியும்? சேரச் சொல்லி உங்களிடம் படிவம் நீட்டினால் தமிழில் கேளுங்கள். எனக்கு ஜெல் கிடைக்குமா, வெறும் பூச்சு கிடைக்கும் பிரிவில் போடுவீர்களா, அப்படிப் போட்டாலும் வழக்கமான சிகிச்சை நிற்காதல்லவா, நடுவில் விலகினால் என் கிளினிக் அட்டைக்கு ஏதும் ஆகுமா, சோதனை முடிந்த பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்களா, போக வர வண்டிக்காசு யார் தருவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதில் புரியும்வரை பேனாவைத் தொடாதீர்கள். சுங்கை பூலோவில் அடைபட்டவர்களிடம் இப்படிக் கேட்டுச் சம்மதம் வாங்கும் பழக்கம் அன்று இருந்ததில்லை.

மனு ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். மாவட்ட கிளினிக்குகளில் புண் சிகிச்சைக்கென்று பயிற்சி பெற்ற தாதியர், பாதத்தின் அழுத்தத்தை இறக்கும் காலணி, மாவுக்கட்டுப் போடத் தெரிந்தவர் ஆகிய மூன்றும் இப்போதே வேண்டும் என்பது அதன் முதல் பத்தி. ஒளிச் சிகிச்சை இரண்டாம் பத்தியில் வருகிறது. உங்கள் வீட்டுக் காலின் கதையை, அவர் சம்மதத்தோடு, பெயர் போடாமல் நாலு வரியில் எழுதி அதோடு சேர்த்துக் கொடுங்கள். எழுதப் பழக்கமில்லாதவர்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா ஒருத்தி,
ஓய்வு பெற்ற தாதி, பெஸ்தாரி ஜெயா